ஈரநிலப் பாதுகாப்பும் நிதியும்: நீர்கொழும்புக் களப்பின் வரலாற்றிலிருந்து சில சிந்தனைகள்

வெள்ளவத்தைக்கு வடக்கே காலி வீதிப் பாலத்தின் கீழாகக் கடலை நோக்கிச் செல்லும் வாய்க்கால், கொழும்பின் கிழக்குப்புற ஈரநிலங்களிலே தேங்கும் மழைநீர் கடலைச் சென்றடையும் வழிகளுள் ஒன்றாகும். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளவையே வெள்ளம் சூழ்ந்ததன் பின்னர், 2012இல் உலக வங்கி கொழும்புப் பெருநகர அபிவிருத்திக்கென 21.3 கோடி அமெரிக்க டொலர் கடனை அங்கீகரித்தது. 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டது. தலைநகரின் ஈரநிலங்களுக்கு நிதி வந்தமைக்கு வெள்ள அச்சமே முதன்மைக் காரணம் எனலாம். ஆயின், கரையோர ஈரநிலம் மீனினதும் இறாலினதும் வளர்ப்பிடமுமாகும். அவ்வளர்ப்பிடத்தைப் பேணும் செலவை யார் ஏற்றனர்? இவ்வினாவுக்கு விடை காணக் கொழும்புக்கு வடக்கேயுள்ள நீர்கொழும்புக் களப்பின் வரலாறு துணைபுரியும்.

இக்களப்பும் அதனைத் தெற்கே அடுத்துள்ள முத்துராஜவெலச் சதுப்பும் ஏறத்தாழ 6,200 ஹெக்டேயர் பரப்புடைய ஒரே நீர்த்தொகுதியாகும். முற்காலத்தில் நெல் விளைந்த முத்துராஜவெல, ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய்களாலும், ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய ஹமில்டன் கால்வாயாலும் மாற்றமுற்றது. உவர்நீர் உட்புகவே நெற்செய்கை நலிந்தது. குடியேற்ற அரசுகள் இந்நிலத்தில் இட்ட முதல், வணிகப் போக்குவரத்தையும் விளைச்சலையும் கருதியதேயன்றி, நீர்வாழ் உயிரினங்களைக் கருதியதன்று.

களப்பின் மீன்வளத்தைப் பேணும் ஒழுங்கு வேறொரு தரப்பினரிடமிருந்து வந்தது. களப்பிலிருந்து கடலுக்குத் திரும்பும் இறால்களை, முகத்துவாரத்தையடுத்த நீரோட்டத்தில் கழிகள் நாட்டி வலை கட்டிப் பிடிக்கும் முறை 'கட்டுதெல்' எனப்படும். வலை கட்டும் இடங்கள் வரையறுக்கப்பட்டவை. அவற்றை மீனவர் சங்கங்கள் நான்கு சீட்டுக்குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்து வந்தன. இவ்வழக்காற்றுக்கு 1958இல் அரசு சட்டவடிவம் அளித்தது. கண்டற் கிளைகளை ஆழங்குறைந்த நீரில் நாட்டி மீனைச் சேரச்செய்யும் மீனவர், அக்கிளைகளுக்காகத் தாமே கண்டல் நட்டுப் பேணியமையும் குறிப்பிடத்தக்கது. எனினும், இவ்வமைப்பை இலட்சிய வடிவமாகக் கொள்ளுதல் தவறாகும். சங்க உரிமை குடிவழியாலும் மதத்தாலும் வரையறுக்கப்பட்டது. பெண்களுக்கு அதில் இடமிருக்கவில்லை. ஆயினும், வளத்தின் பயனைப் பெறுவோரே அதன் கட்டுப்பாட்டையும் ஏற்றனர் என்பது நோக்கற்பாலது.

வெளிநிதியின் காலம் பின்னர் வந்தது. 1991இல் முத்துராஜவெலவுக்கான பெருந்திட்டமொன்று நெதர்லாந்தின் துணையுடன் வகுக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பாயிருந்தது, முதலீட்டை ஈர்க்கவென நிறுவப்பட்ட பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு என்பது சிந்தனைக்குரியது. 1996இல் சதுப்பின் வடபகுதி சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2003இல் வெளியான மதிப்பீடொன்று சதுப்பின் ஆண்டுப் பயனை ஏறத்தாழ 72 கோடி ரூபா எனக் கணித்தது. அதில் மூன்றிலிரண்டு பங்கு வெள்ளத் தடுப்பினாலும், ஐந்திலொன்றுக்குச் சற்று மேல் தொழிற்சாலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பினாலும் விளைவது. மீன்பிடிக்குரிய பங்கோ நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. சதுப்பினாற் பெரும்பயன் அடைவோர் நகரத்தாரும் ஆலை உடைமையாளருமே என்பதை இக்கணக்கு புலப்படுத்துகின்றது. ஆனால், பாதுகாப்பின் பெயரால் விதிக்கப்படும் கட்டுப்பாடுகளின் சுமை வலையும் விறகும் நம்பி வாழ்வோர் மீதே முதலில் விழுகின்றது.

நன்கொடை நிதியின் இயல்பை நாட்டின் பொது அனுபவமும் காட்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்டல் நடுகைக்குப் பெருநிதி வந்தது. நடுகை நடைபெற்ற 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் எஞ்சவில்லை. நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் ஏறத்தாழ ஐந்திலொன்றே தேறியது. பொருந்தா இடத்தேர்வும் நட்டபின் பராமரிப்பின்மையும் காரணங்கள். நட்ட கன்றுகளின் தொகையைக் கணக்குக் காட்டுவதுடன் திட்டம் முடிந்துவிடுகின்றது. கன்று வளர்வதற்கோ ஆண்டுகள் பல வேண்டும்.

இதனால், நிதியே வேண்டாம் என்பது பொருளன்று. சங்கங்களின் கட்டுப்பாடு தன் உறுப்பினரின் வலையை மட்டுமே ஆளும். ஆலைக் கழிவையோ மண்ணிட்டு நிரப்புதலையோ அதனால் தடுக்க இயலாது. அதற்கு அரசும் சட்டமும் நிதியும் இன்றியமையாதன. ஆயின், கூட்டுப்பங்காண்மை என்ற சொல் பொருளுடையதாக வேண்டுமெனில், வெள்ளத்திலிருந்து காக்கப்படும் நகரமும் கழிவை வெளியேற்றும் ஆலையும் தமது பயனுக்கேற்பப் பணம் செலுத்துதல் வேண்டும். அப்பணத்தின் செலவைத் தீர்மானிக்கும் அவையில் மீனவருக்கும், சங்கங்களுக்குப் புறத்தே நிற்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும். வெள்ளவத்தையில் நனையாது உறங்குவோரும் அக்கடனுக்குப் புறம்பானவரல்லர்.