ஊரின் ஞாபகம்

கலிபோர்னியாவில் பெர்க்லி என்ற ஊரில் லியோபோல்ட்ஸ் என்று ஓர் இசைத்தட்டுக் கடை இருந்தது. மாடிப்படி ஏறியதும், சங்கீதக்காரர்கள் சீட்டுக் குத்தி வைக்கும் பலகை. 1973 ஆகஸ்டில் லீ ஃபெல்சென்ஸ்டீன் முதலிய சில இளைஞர்கள் அதன் பக்கத்தில் ஒரு டெலிடைப் யந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். டெலிபோன் கம்பி வழியாக அது சான் பிரான்சிஸ்கோவிலிருந்த கம்ப்யூட்டரோடு பேசிற்று. 'கம்யூனிட்டி மெமரி' என்று பெயர். ஊரின் ஞாபகம் என்று சொல்லலாம்.

பலகையில் எழுதிய சமாசாரங்களை ஜனங்கள் யந்திரத்தில் எழுதலானார்கள். நல்ல பேகல் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். கடைகளின் பெயர்கள் வந்தன. கூடவே இன்னொரு பதில்: முன்பு அந்த ரொட்டி சுட்டவர் ஒருவர், கூப்பிட்டால் செய்யவே கற்றுத் தருவதாக எழுதியிருந்தார்!

இன்று பேட்டைக்குப் பேட்டை இணையதளம் இருக்கிறது. கடை விலாசம் நொடியில் கிடைக்கிறது. அந்த ரொட்டிக்காரர் கிடைக்கிறாரா? அவர் இருக்கிற இடத்தைத்தான் நான் ஊர் என்பேன்.