சூடாகும் பழைய டிராக்டர் – ஒரு வரலாறு

முன்னுரை

கோயிலுக்கு விடப்பட்ட நிலத்துக்குத் 'தேவதானம்' என்று பெயர். ராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் அந்தப் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. நெல்லும் தென்னையும் விளையும் இதுபோன்ற ஊர்களில் மாடு இழுத்த ஏரின் இடத்தை டிராக்டர் பிடித்தது. பழைய வண்டிகளுக்கு வரும் பெரிய நோய் ஒன்றுதான்: இஞ்சின் சூடாவது. நாற்று காத்திருக்கும் நேரத்தில் வண்டி நின்றால் அந்தப் பருவமே தள்ளிப்போகும்.

தண்ணீர் தானே ஓடிய காலம்

டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் அமைப்புதான் வெளியேற்ற வேண்டும். 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் தண்ணீர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும். ரேடியேட்டரில் ஆறி, கனமாகிக் கீழே இறங்கும். ஆனால் தண்ணீர் மேல் ஹோஸுக்குக் கீழே குறைந்துவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். பிறகு வந்த வண்டிகளில் பம்பும் தெர்மோஸ்டாட்டும் இடம்பெற்றன.

சென்னைக்கு வந்த சிவப்பு வண்டி

1960-ல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை அது இங்கே தயாரித்தது. மாஸி 35 வண்டிக்கு 1959-ல் பெர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் இஞ்சின் வந்தது. அந்த வழியில் வந்ததுதான் நம் ஊர்களில் பெயர்பெற்ற மாஸி 1035. இதற்கு நேர் எதிரானது ஃபரிதாபாத்தில் உருவான பழைய ஐஷர். அது காற்றால் குளிர்வது, ரேடியேட்டரே இல்லை. ஆனால் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் எண்ணெயும் தூசியும் படிந்தால் அதுவும் கொதிக்கும்.

ஏன் சூடாகிறது?

கார் ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். தொளி உழவில் டிராக்டர் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் நகரும். இஞ்சினோ முழு பாரத்தில் இருக்கும். காற்று முழுக்க ஃபேன் தருவதே. எனவே முதலில் பார்க்க வேண்டியது ஃபேன் பெல்ட். அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. தளர்ந்தால் காற்று, தண்ணீர் இரண்டும் குறையும்.

அடுத்தது ரேடியேட்டர். கதிரடிக்கும் தூசியும் பதரும் வெளிப்பக்கத்தை அடைக்கும். உள்ளே அடைப்பது உப்புநீர். கடின நீர் சூடாகும்போது சுண்ணாம்பு படியும். ஆழ்குழாய்த் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றினால் குழாய்கள் குறுகிவிடும். சும்மா ஓடும்போது சரியாக இருந்து, பாரம் ஏறியதும் சூடானால் இந்த அடைப்பைச் சந்தேகிக்கலாம்.

ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே சூடேறி, மேல் ஹோஸ் மட்டும் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று பொருள். பலர் அதைக் கழற்றியே எறிந்துவிடுவார்கள். அப்போது இஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, சிலிண்டர் சீக்கிரம் தேயும். புதிதாக மாற்றுவதே சரி. ஒழுகல் இல்லாமல் தண்ணீர் குறைந்து, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

செய்யக் கூடாதவை

கொதிக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. மூடி அழுத்தத்தைத் தாங்குவதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். சூடான இஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடித்துவிடும். பாரத்தை இறக்கி, மெதுவாக ஓடவிட்டு, ஆறிய பிறகே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆனால் பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் கொட்டிப்போயிருந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

முடிவுரை

ஃபோர்ட்சனிலிருந்து மாஸி வரை பம்பு வந்தது, தெர்மோஸ்டாட் வந்தது, மூடி மாறியது. விதி மட்டும் மாறவில்லை: உண்டாகும் வெப்பம் வெளியே போக வழி இருக்க வேண்டும். பெல்ட்டைப் பார்ப்பதற்கும் ரேடியேட்டரைக் கழுவுவதற்கும் ஆகும் செலவு சிறிது. பார்க்காமல் விட்டால் போவது ஹெட் மட்டுமல்ல, ஒரு பருவ நடவும்தான்.