க்யூபைப் பிரித்து மாட்டியவர்கள் கவனத்துக்கு



போன கோடை விடுமுறையில் நம் மாடிப்படியில் ஒரு சிறுவன் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் சண்டே மார்க்கெட்டில் வாங்கிய க்யூப். எத்தனை முறை முயன்றும் கடைசி மூலை ஒன்று மட்டும் சேரவில்லை. "எனக்கு மூளையே இல்ல அங்கிள்" என்றான். விசாரித்தால், கீழே விழுந்து சிதறிய க்யூபை அவன் அப்பா அள்ளி மாட்டித் தந்திருக்கிறார். இதற்குள் என்னதான் இருக்கிறது? கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

லாரி நிக்கல்ஸ் என்ற அமெரிக்கர் 2×2 க்யூபின் கட்டைகளைக் காந்தத்தால் இணைத்து, 1972-இல் காப்புரிமை பெற்றார். 1974-இல் புடாபெஸ்ட்டில் வடிவமைப்பு ஆசிரியராக இருந்த எர்னோ ரூபிக் 3×3-க்கு முயன்றார். முதலில் ரப்பர் பேண்டால் கட்டிப் பார்த்தார், அறுந்துபோனது. பிறகுதான் கட்டைகளே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் வழி கண்டார். நடுவில் ஆறு கை கொண்ட அச்சு. அதில் திருகிய ஆறு நடுக்கட்டைகள் 12 ஓரக்கட்டைகளின் கால்களைப் பிடிக்கும். ஓரக்கட்டைகள் 8 மூலைகளைப் பிடிக்கும். 1980-இல் இது 'ரூபிக்ஸ் க்யூப்' என்ற பெயரில் உலகச் சந்தைக்கு வந்தது.

எல்லாப் புதிரும் இப்படித் திரும்புவதில்லை. உவே மெஃபர்ட்டின் பிரமிங்க்ஸில் நான்கே அச்சுகள். ஒவ்வொன்றும் ஒரு முனையை நோக்கிப் போகும். மூன்று முறை திருப்பினால் பழைய நிலை வந்துவிடும். ஸ்க்யூப் பார்க்க க்யூப்தான். ஆனால் அச்சுகள் மூலைகள் வழியே போவதால் ஒரே திருப்பில் பாதிப் புதிர் சுழலும். 7×7-இல் வேறு சிக்கல்: எல்லா அடுக்கும் ஒரே அளவாக இருந்தால், பக்கம் திரும்பும்போது மூலைக்கட்டை பிடிப்பில்லாமல் வெளியே நிற்கும். கிரேக்கரான பனாயோட்டிஸ் வெர்டெஸ் உள்ளே கூம்பு வடிவப் பரப்புகளை அமைத்து, பக்கங்களையும் வளைத்து இதைத் தீர்த்தார். அவருடைய 7×7 பக்கங்கள் புடைத்திருப்பது அதனால்தான். இன்றைய வேகப்போட்டி க்யூபுகளில் அடுக்குகள் நேராக வந்து நிற்கக் காந்தம் வைக்கிறார்கள். நிக்கல்ஸின் காந்தம் வேறு வேலைக்குத் திரும்பிவிட்டது!

இனி சிறுவனிடம் வருவோம். 3×3-ஐ எப்படித் திருப்பினாலும் ஒரு மூலை மட்டும் தனியாகத் திரும்பாது. பிரித்ததை நிறம் பாராமல் மாட்டினால், சரியாகச் சேரக்கூடிய நிலையில் அமைய 12-இல் ஒரு வாய்ப்புதான். மற்ற பதினொன்றில், உலக சாம்பியனாலும் சேர்க்க முடியாது.

அன்று இருவரும் சேர்ந்து பிரித்து, நிறம் பார்த்து மாட்டினோம். இரண்டு நாளில் அவனே சேர்த்துக் காட்டினான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை க்யூபைத் தூக்கி எறிந்தால் திட்டாதீர்கள். முதலில், அதைக் கடைசியாக மாட்டியது யார் என்று கேளுங்கள்.