ஹைன்கெல் ஹெ 280

ஹைன்கெல் ஹெ 280 என்பது இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியின் ஹைன்கெல் நிறுவனம் உருவாக்கிய, இரண்டு ஜெட் பொறிகள் கொண்ட சண்டை விமானம் ஆகும். சண்டைக்கென்றே வடிவமைக்கப்பட்டு, ஜெட் பொறிகளின் விசையால் பறந்த முதல் விமானம் இதுவே. எனினும் ஒன்பது முன்மாதிரிகளுடன் இத்திட்டம் நின்றுபோனது. விமானப்படையின் சேவைக்கு இது வரவேயில்லை.

பின்னணி

1939 ஆகஸ்ட் 27 அன்று இதே நிறுவனத்தின் ஹெ 178, உலகின் முதல் ஜெட் விமானமாகப் பறந்தது. அதன் பொறியை வடிவமைத்தவர் ஹான்ஸ் ஃபான் ஓஹைன். ஜெர்மன் விமானத்துறை அமைச்சகம் அதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை. இருந்தும் நிறுவனர் ஏர்ன்ஸ்ட் ஹைன்கெல் தம் சொந்த முயற்சியாக ஒரு ஜெட் சண்டை விமானத்தை உருவாக்கத் தொடங்கினார். ராபர்ட் லுசர் அதன் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கினார்.

வடிவமைப்பு

இறக்கைகளின் கீழ் பக்கத்துக்கு ஒன்றாகப் பொறிகள் பொருத்தப்பட்டன. வாலில் இரட்டைச் செங்குத்துத் துடுப்புகள் இருந்தன. அக்காலச் சண்டை விமானங்கள் பெரும்பாலும் வால் சக்கரத்தில் சாய்ந்து நின்றன. ஹெ 280 மூக்குச் சக்கரம் கொண்டிருந்ததால் தரையில் கிடைமட்டமாக நின்றது. ஆபத்தில் விமானியை அழுத்தப்பட்ட காற்றின் விசையால் வெளியே தள்ளும் இருக்கையும் இதில் இருந்தது.

சோதனைப் பறப்புகள்

விமானம் தயாரானபோது பொறிகள் தயாராகவில்லை. ஆகவே முதல் முன்மாதிரி, பொறிகளுக்குப் பதிலாக எடை ஏற்றப்பட்டு, 1940 செப்டம்பரில் மற்றொரு விமானத்தால் இழுத்துச் செல்லப்பட்டு மிதவைப் பறப்பாகச் சோதிக்கப்பட்டது. 1941 மார்ச் 30 அன்று ஃபிரிட்ஸ் ஷேஃபர் இரண்டாம் முன்மாதிரியை ஹெஎஸ் 8 ஜெட் பொறிகளின் விசையால் பறக்கச் செய்தார். கசியும் எரிபொருள் தேங்கித் தீப்பிடிக்கலாம் என்பதால் பொறிகளின் மூடிகள் கழற்றப்பட்டிருந்தன. போட்டி விமானமான மெசர்ஷ்மிட் மெ 262, ஜெட் பொறிகளை மட்டும் கொண்டு பறந்தது 1942 ஜூலை 18 அன்றுதான்.

கைவிடப்பட்ட காரணம்

ஏறத்தாழ 16 மாத முன்னிலை இருந்தும் ஹெ 280 பின்தங்கியது. ஹெஎஸ் 8 பொறி எதிர்பார்த்த உந்துவிசையையும் நம்பகத்தன்மையையும் எட்டவில்லை. மாற்றாகக் கிடைத்த யூமோ 004 பொறி, இச்சிறிய விமானத்துக்கு அளவிலும் எடையிலும் பெரியதாக இருந்தது. மெ 262 கூடுதல் எரிபொருளைச் சுமந்து அதிக தொலைவு செல்லக்கூடியது; யூமோ பொறிக்கும் பொருத்தமானது. 1943 மார்ச் 27 அன்று ஏர்ஹார்ட் மில்ச் ஹெ 280 திட்டத்தைக் கைவிட உத்தரவிட்டார். மெ 262 அடுத்த ஆண்டு சேவைக்கு வந்தது.

தாக்கம்

ஹெ 280 எந்தப் போரிலும் பங்கேற்கவில்லை. ஆனால் அதன் இருக்கை ஓர் உயிரைக் காத்தது. 1942 ஜனவரி 13 அன்று, வேறு வகைப் பொறிகளைச் சோதிப்பதற்காக முதல் முன்மாதிரி மற்ற விமானங்களால் இழுத்துச் செல்லப்பட்டது. பனி உறைந்ததால் அதன் கட்டுப்பாடுகள் செயலிழந்தன. சோதனை விமானி ஹெல்முட் ஷெங்க் இருக்கையை இயக்கி வெளியேறி, பாராசூட் மூலம் உயிர்தப்பினார். ஆபத்து நேரத்தில் ஒரு விமானி இத்தகைய இருக்கையைப் பயன்படுத்தித் தப்பிய முதல் நிகழ்வு இது. ஹெ 280 மறைந்தாலும், விமானியை வெளியேற்றும் இருக்கை போருக்குப் பின் ஜெட் சண்டை விமானங்களின் வழக்கமான பாதுகாப்புக் கருவியாயிற்று.