எண்ணைத் தானே போடும் கணினி: ஒரு சிறு வரலாறு

ஒரு பள்ளியில் நடந்த அரையாண்டுத் தேர்வு. 20 பல்தேர்வு வினாக்கள். தாளைச் சரிபார்த்தபோது 7ஆம் வினா வேண்டாம் என்று நீக்கி, கடைசியில் புதிய வினா ஒன்றைச் சேர்த்தார்கள். கணினி உடனே எல்லா வினாக்களுக்கும் எண்ணை மாற்றிப் போட்டுவிட்டது. விடைப்பட்டியலோ வேறொரு கோப்பில், கையால் தட்டச்சு செய்தது. அதில் 7க்கு எதிரே இருந்த பழைய விடையை அழித்து, புதிய வினாவின் விடையை அங்கேயே போட்டார்கள். இரண்டிலும் 20 தானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சரியாக எழுதிய மாணவர்களுக்கும் 7க்குப் பிறகு வரிசையாகத் தப்பு விழுந்தது. ஒரு மாணவி தாளைக் கொண்டுவந்து, "டீச்சர், இது சரிதானே?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

இது கவனக்குறைவா, மென்பொருளின் குறையா? இரண்டும்தான். ஆனால் அந்தக் குறை எங்கிருந்து வந்தது என்று அறிய, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தில் எண்ணும் ஓர் அச்சுத்துண்டுதான். '7' என்று கோத்தால் அது 7. நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தால், அதற்குப் பின்வரும் எண்களை எல்லாம் கையால் மாற்ற வேண்டும். வேலை அதிகம், ஆனால் எண் சொல்லாமல் கொள்ளாமல் மாறாது.

1970களில் பெல் ஆய்வகத்தில் உருவான 'டிராஃப்' என்னும் மென்பொருளில் எண்ணைத் தானாகக் கூட்டிக்கொள்ளும் வசதி வந்தது. 1980களில் வந்த 'லேடெக்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போனது. பத்திக்கு ஒரு பெயர் வைத்து, வேறு இடத்தில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டால், சரியான எண் அங்கே தானாக வந்துவிடும்.

1985இல் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கரை வெளியிட்டது. ஆப்பிளின் லேசர் அச்சுப்பொறியும் அதே ஆண்டில் வந்ததால், மேசைப் பதிப்பு பரவியது. ஆனால் பேஜ்மேக்கர் பக்க அழகுக்காகப் பிறந்தது. எண்ணுவது அதன் வேலை இல்லை. பிற்காலப் பதிப்புகளில் எண் போடும் துணைக்கருவி வந்தபோதும், அது எண்ணை வெறும் எழுத்தாகவே உள்ளே வைத்தது. நடுவில் ஒரு பத்தி சேர்த்தால், மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். நீண்ட நூல்களுக்கென வந்த வென்சுரா பப்ளிஷர், ஃபிரேம்மேக்கர் ஆகியவற்றில் இந்த வசதி முன்பே இருந்தது. 1999இல் வந்த இன்டிசைனுக்குத் தானியங்கி எண்கள் 2005இல்தான் கிடைத்தன. வெவ்வேறு உரைப் பகுதிகளில் எண் தொடர்ந்து ஓடும் வசதி 2007இலும், குறுக்குக் குறிப்பு வசதி 2008இலும் சேர்ந்தன.

இவ்வளவு வளர்ந்தும் மூன்று வரம்புகள் மிச்சம். முதலாவது, தானியங்கி எண் உரையின் பகுதி அல்ல. திரையில் தெரியும் ஒரு கணக்கு. அதனால் உரையை வேறு கோப்புக்கு நகலெடுக்கும்போது எண் மாறலாம், காணாமலும் போகலாம். இரண்டாவது, "பத்தி 3ஐப் படித்து விடையளி" என்று நாம் கையால் எழுதினால், அந்த 3 எதைச் சுட்டுகிறது என்று கணினிக்குத் தெரியாது. பத்தி 4 ஆனாலும் அது 3 ஆகவே நிற்கும்.

மூன்றாவது நம் மொழி சார்ந்தது. நாம் உட்பிரிவுகளை அ, ஆ, இ, ஈ என்று எழுதுவோம். வேர்டு கோப்புகளுக்கான தரம் எக்மா 376 என்ற பெயரில் 2006இல் ஏற்கப்பட்டது. அதன் எண்முறைப் பட்டியலில் இந்தி உயிரெழுத்துகள் உண்டு, தாய்லாந்து எழுத்துகள் உண்டு. தமிழ் உயிரெழுத்து வரிசை இல்லை. எனவே பலர் அ, ஆ என்பதைக் கையால் அடிக்கிறோம். ஒரே தாளில் பாதி எண் தானாக நகரும், பாதி நகராது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். சில எண்கள் மாறவே கூடாதவை. திருக்குறளில் ஓர் எண்ணைச் சொன்னால் எல்லாரும் ஒரே குறளைத்தான் எடுப்பார்கள். தொல்காப்பியத்தில் அப்படி முடியாது. உரையாசிரியர்கள் நூற்பாக்களைப் பிரித்த முறை வேறுபடுவதால், ஒரே நூற்பாவுக்கு வெவ்வேறு பதிப்புகளில் வெவ்வேறு எண் வரும். அதனால் எந்தப் பதிப்பு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண் என்பது வெறும் வரிசை அல்ல, அது ஒரு முகவரி.

தேர்வு எண்ணும் அப்படித்தான். தாள் தயாராகும் வரை எண்ணைக் கணினி நகர்த்தட்டும். இறுதி வடிவம் முடிவானதும் எண்களை நிலையான உரையாக மாற்றிவிடலாம். இன்டிசைனில் அதற்குக் கட்டளையே இருக்கிறது. விடைப்பட்டியலை அதற்குப் பிறகு, அச்சான தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வினாவாக விடையளித்துத் தயாரியுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும். அந்தப் பத்து நிமிடம் இருந்திருந்தால், அந்த மாணவி தாளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்திருக்காது.