மழைக்கால மலைத் தங்கல்: அறிந்திருக்க வேண்டிய ஆபத்துகள்

2022 டிசம்பர் 16. பள்ளி விடுமுறைக் காலம். கோலாலம்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், பத்தாங்காலி – கெந்திங் சாலையோரத்தில் இருந்த ஒரு முகாமில் பல குடும்பங்கள் கூடாரமடித்துத் தூங்கிக்கொண்டிருந்தன. அதிகாலை 2 மணிக்கு மேல் முகாமை ஒட்டிய மலைச்சரிவு இடிந்து விழுந்தது. 92 பேர் அதில் சிக்கினர். 61 பேர் உயிர் தப்பினர். சிறுவர்கள் உட்பட 31 பேர் மாண்டனர். கடைசி உடல் டிசம்பர் 24ஆம் தேதிதான் மீட்கப்பட்டது.

அன்றிரவு அடைமழை கொட்டவில்லை என்றே உயிர் தப்பியவர்கள் கூறினர். ஆனால், அதற்கு முந்திய நாள்களில் தொடர்ந்து பெய்த மழையே சரிவுக்கு முதன்மைக் காரணம் என்று அரசாங்கம் பின்னர் வெளியிட்ட ஆய்வறிக்கை குறிப்பிட்டது. மழைக்காலத்தில் மலையில் தங்க நினைப்பவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதுதான். இன்று வானம் தெளிவாக இருப்பதால் மலை பாதுகாப்பாக இருப்பதாக அர்த்தமில்லை.

நம் நாட்டின் குளிர்காலம்

குளிர்நாடுகளில் மலையில் தனித்து வாழ்பவர்களுக்குப் பனிப்பொழிவு எமன். மலேசியாவில் அந்த இடத்தில் இருப்பது மழை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அதற்கு முன் வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை நேர இடிமழை அதிகம். டிசம்பர் வரும்போது தித்திவாங்சா மலைத்தொடரின் மண் ஏற்கெனவே ஊறிப் போயிருக்கும்.

டிசம்பர் மாதம் இங்கு பல துயரங்களைக் கண்டிருக்கிறது. 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் புளோக் சரிந்து 48 பேர் உயிரிழந்தனர். 2008 டிசம்பர் 6இல் புக்கிட் அந்தாராபங்சாவில் நிலம் சரிந்து 14 பங்களாக்கள் அழிந்தன. 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய பெருவெள்ளத்தில் ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகள் மூழ்கின. அதே நாள்களில் உலு லங்காட்டில் வெள்ளமும் நிலச்சரிவும் சாலைகளை அடைக்க, உட்புறக் கிராமங்கள் துண்டிக்கப்பட்டன.

உலு லங்காட், உலு யாம், கோல குபு பாரு, ஜண்டா பாய்க், பெந்தோங் பக்கம் டுரியான் தோட்டத்துக் குடிசையிலோ, ஆற்றோர முகாமிலோ, தெனாகா மின்சாரமும் கைப்பேசி அலையும் எட்டாத வீட்டிலோ தங்குபவர்களுக்கு இந்த மாதங்களே உண்மையான சோதனை.

சரிவு ஏன் தாமதமாக விழுகிறது?

மலைச்சரிவின் மண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நீர் இறங்க இறங்க மண்ணின் எடை கூடுகிறது, பிடிப்பு தளர்கிறது. மேலே பெய்த மழை ஆழத்துக்குச் சென்று சேரச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாள்களும் ஆகலாம். அதனால்தான் மழை விட்ட பிறகும் நிலம் சரிகிறது. சாலைக்காகவோ வீட்டுக்காகவோ வெட்டப்பட்ட மேடு, மண் கொட்டி நிரப்பிய இடம், அடைபட்ட வடிகால் ஆகியவை ஆபத்தைக் கூட்டும்.

பல வேளைகளில் முன்அறிகுறிகள் தெரியும். தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு, நேராக நின்ற மரம் சாய்வது, கதவு திடீரென இறுகுவது, புதிய இடத்தில் நீர் கசிவது, தெளிந்த ஊற்று நீர் கலங்குவது ஆகியவற்றைக் கண்டால் உடனே வெளியேற வேண்டும். மழை பெய்யும்போதே ஓடை நீர் திடீரெனக் குறைந்தால் அது நல்ல செய்தியல்ல. மேலே மண்ணோ மரமோ விழுந்து நீரை அடைத்திருக்கலாம். அந்த அடைப்பு உடைந்தால் கீழே இருப்பவர்களுக்கு ஓட நேரம் இருக்காது.

ஆற்றோரம்

கெப்பாலா ஆயர் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் திடீர் நீர்ப்பெருக்கு வர, நாம் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டியதில்லை. மலை உச்சியில் பெய்தாலே போதும். நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும். ஆற்றின் நடுத்திட்டிலும் கரையின் தாழ்வான பகுதியிலும் இரவு தங்கவே கூடாது. வெள்ளத்துக்குப் பிறகு தேங்கிய நீரில் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் பரவும் அபாயம் உண்டு. காலில் புண் இருப்பவர்கள் அதில் இறங்கக் கூடாது.

குளிரும் புகையும்

கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1ஆம் தேதி வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. வழக்கமாக அவ்வளவு குளிர் இல்லாவிட்டாலும், நனைந்த உடையில் காற்று பட இரவைக் கழிப்பவரின் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். ஈர உடையைக் களைந்து, உலர்ந்த துணி போர்த்தி, சூடாக இனிப்பான பானம் தர வேண்டும். மயக்கத்தில் இருப்பவருக்கு எதையும் புகட்டக் கூடாது.

குளிருக்குப் பயந்து செய்யும் ஒரு தவறு குளிரைவிடக் கொடியது. கூடாரத்துக்குள்ளோ சன்னல் அடைத்த அறையிலோ கரி அடுப்பு வைப்பதும், வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டுவதும் உயிரைப் பறிக்கும். அவை வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று தொடங்கி, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜெனரேட்டர் எப்போதும் வெளியே, கதவு சன்னலுக்குத் தொலைவில், புகை வீட்டுப் பக்கம் திரும்பாதபடி இருக்க வேண்டும்.

மருந்தும் சாலையும்

நம் சமூகத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு குறைவு. சாலை இரண்டு நாள் அடைபட்டால் என்ன ஆகும் என்பதைப் புறப்படும் முன்பே கணக்கிட வேண்டும். திறக்காத இன்சுலினைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளது எத்தனை நாள் வெளியே தாங்கும் என்று மருந்தாளரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்பவர் ஒரு தவணையைத் தவறவிட்டாலும் ஆபத்து. அப்படிப்பட்டவர்களை மழைக்காலத்தில் ஒற்றைச் சாலை மட்டுமே உள்ள இடத்துக்கு அழைத்துச் செல்லாதிருப்பதே உத்தமம்.

புறப்படும் முன்

மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழை எச்சரிக்கையை மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. அவை வாஸ்படா, புரோக், பஹாயா. முதல் நிலை அறிவிப்பு வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடலாம். இரண்டாம், மூன்றாம் நிலைகளில் மலைப்பக்கம் போகவே கூடாது. முன்னறிவிப்பை மட்டும் பார்த்தால் போதாது. கடந்த ஒரு வாரம் அங்கு எவ்வளவு மழை பெய்தது என்று உள்ளூர்வாசியிடம் கேட்க வேண்டும்.

முகாம் நடத்துபவரிடம் ஊராட்சி மன்ற உரிமம் உள்ளதா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. பத்தாங்காலி சம்பவத்துக்குப் பிறகு ஆற்றோர, மலையோர முகாம்களை ஒரு வாரம் மூட அரசாங்கம் உத்தரவிட்டது, உரிமக் கேள்வியும் அப்போதுதான் பெரிதாக எழுந்தது. அனுமதி பெற்ற இடமாக இருந்தாலும் கூடாரம் சரிவின் அடிவாரத்தில் இருக்கக் கூடாது.

எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புகிறோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் அவர் 999க்கு அழைக்க வேண்டும். கைவிளக்கு, விசில், பவர் பேங்க், மூன்று நாளுக்கான மருந்து, குடிநீர் ஆகியவை கட்டாயம். அலை கிடைக்கும் இடம் எது என்பதைப் பகலிலேயே பார்த்து வைக்க வேண்டும். உள்ளே போன சாலையைத் தவிர வேறு வழி உண்டா என்பதையும் பகலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

தீயணைப்பு மீட்புத் துறையினர் எவ்வளவு விரைந்து வந்தாலும், இரவில் மலைச்சாலை வழியே வந்து சேர நேரம் பிடிக்கும். மண் விழுந்து சாலை அடைபட்டிருந்தால் இன்னும் தாமதமாகும். அதுவரை அங்கிருப்பவர்களுக்குத் துணை, முன்கூட்டிச் செய்த ஏற்பாடு மட்டுமே.