அரட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு

"வெட்டி அரட்டை அடிக்காதே, போய்ப் படி!" என்ற வசவை வாங்காமல் கல்லூரிப் படிப்பை முடித்தவர் நம்மில் யாரேனும் உண்டா? வரலாறு என்றால் மன்னர்களும் போர்களும் மட்டும்தான் என்று படித்துவிட்டோம். நண்பர்கள் கூடிப் பேசிய பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைப் பற்றிச் சில வார்த்தைகள் இம்மலரில் எழுத விழைகிறேன்.

எனக்கு ஊர் வெள்ளிமலை. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மேலே வந்தால் எங்கள் கல்வராயன் மலை. இங்குள்ள மலையாளி மக்கள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் பழங்குடியினர். இவர்களுடைய முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள், அண்ணன் தம்பி மூவர் வெவ்வேறு மலைகளுக்குப் பிரிந்து போனார்கள் என்று ஒரு கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தம் நூலில் இக்கதையை எழுதி வைத்தார். அவர் எழுதுமுன் அது எங்கே இருந்தது? ராத்திரி சாப்பாடு ஆனபின் தாத்தா பேரனுக்குச் சொன்ன பேச்சில் இருந்தது. அது நடந்ததா இல்லையா என்பதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பேச்சாகவே மலையேறி, பேச்சாகவே தலைமுறைகளைக் கடந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எதிரில் இல்லாத நண்பனோடு பேசுவது எப்படி? 1879-இல் கால் அணா அஞ்சலட்டை வந்தது. 1950-இல் இன்லண்ட் லெட்டர் வந்தது. "இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்" என்று தொடங்கி, இடம் போதாமல் ஓரத்திலும் மடிப்பிலும் நுணுக்கி எழுதிய நாட்களை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத். மீட்டரைப் பார்த்துக்கொண்டே, "சரிடா, வெச்சுடறேன், பில்லு ஏறுது" என்று பேசிய காலம் அது.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதே ஆண்டில், ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த மலேசியத் தமிழர் பாலா பிள்ளை தமிழ்.நெட் என்ற மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். ஒருவரை ஒருவர் முகம் பார்த்திராத தமிழர்கள் கண்டம் விட்டுக் கண்டம் பேசிக்கொண்டார்கள். ஆனால் ஒரு சங்கடம். ஒருவர் கணினியில் ஓர் எழுத்துரு, இன்னொருவர் கணினியில் வேறொன்று. இங்கே "வணக்கம்" என்று அடித்தால் அங்கே புரியாத கிறுக்கலாய்ப் போய் விழும். பாதிப் பேர் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிச் சமாளித்தார்கள்.

தமிழில் பேச வேண்டும் என்ற இந்த ஆசைதான் வேலையில் இறக்கிவிட்டது. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் தமிழ் மடல்களுக்கு வழி செய்தது. எழுத்துக்குறி முறை குறித்து 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முதலானோர் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். பல நாட்டுத் தன்னார்வலர்கள் கூலி எதிர்பாராமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாக ஏற்றினார்கள். இணையத்தில் பேசிப் பழகியவர்கள் கைகோத்துச் செய்த வேலை இது. வெட்டி அரட்டையா இது?

நிற்க. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2004-இல் வந்த ஆர்க்குட்டில் நம் இளையவர்கள் எவ்வளவு பேசினார்கள்! 2014 செப்டம்பர் 30 அன்று அது மூடப்பட்டது. எண்ணற்ற தமிழ்க் குழுக்கள் இயங்கிய யாகூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டன. நகலெடுத்து வைத்தவர்களுக்கு மிச்சம். மற்றவர்கள் பேசியது போனது போனதுதான். எழுதாமலே வாயால் சொல்லிவந்த காஞ்சிபுரத்துக் கதை இன்றும் இருக்கிறது. எழுத்தில் அடித்த அரட்டை காணாமற்போயிற்று. ஏன்? அந்தக் கதையைத் தாத்தா பேரனிடம் ஒப்படைத்தார். நாமோ நம் பேச்சை ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தோம்.

இன்று நம் வகுப்புத் தோழர்களுக்கு வாட்ஸ்அப் குழு உண்டு. "சாப்டாச்சா?", "மலையில மழையா?", "மச்சான், பொண்ணுக்கு வரன் பாரு" என்று பேச்சு ஓடுகிறது. 2021-இல் சோஹோ நிறுவனம் தன் செயலிக்கு அரட்டை என்றே பெயர் சூட்டிவிட்டது! நல்லதுதான். ஆனால் எந்தச் செயலியும் சாசுவதம் அல்ல. மலைச் சிற்றூர்களில் இன்னும் சிக்னல் சரியாக எட்டாத தோழர்கள் அந்தக் குழுவில் பாதி நேரம் இல்லாதவர்களே.

ஆகவே ஒரு வேண்டுகோள். குழுவில் வந்த நல்ல பேச்சில் நாலைந்தையாவது ஆண்டுக்கொருமுறை தாளில் எடுத்து, இம்மலர்க் குழுவிடம் கொடுங்கள். விடுதி மெஸ்ஸில் வைத்த பட்டப்பெயர்களும், பரீட்சைக்கு முந்தின ராத்திரிக் கதைகளும் அதில் இருக்கட்டும். குழுவில் வராத தோழனுக்கு ஒரு கடுதாசி போடுங்கள்; முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, இந்தச் சந்திப்பு நாளில் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்புறம் என்னாச்சுண்ணே?" என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் எங்கள் அரட்டை வரலாறாகும்.

வாழ்க நம் நட்பு! வளர்க நம் கல்லூரி!